பிரிக்காத பொட்டலம்

19 ஆகஸ்ட் 2024, திங்கள்

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், பதினோரு நாள். இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம் உண்டு. காலையில் மருத்துவர் அக்காவின் வயதைக் கேட்டபோது, "எண்பது இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். முப்பத்தாறு ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவள் 'இருக்கும்' என்று சொல்லலாகாது. வடிவு அக்காவுக்கு எண்பத்தொன்று. எனக்குத் தெரியும். நாக்குதான் பேரம் பேசியிருக்கிறது.

அக்காவுக்கு முதுகுவலி என்று எடுத்த ஸ்கேனில் வேறொன்று அகப்பட்டிருக்கிறது. வயிற்றில் ஓடும் பெருந்தமனி ஓரிடத்தில் எட்டு சென்டிமீட்டர் அளவுக்குப் புடைத்திருக்கிறது. மருத்துவர் இளம்பெண்; சைக்கிள் ட்யூபை உவமை காட்டினாள். அப்படியே விட்டால் ஓராண்டுக்குள் வெடிக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. வெடித்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை தாங்காது. அறுவை செய்தால், இந்த வயதில், மேசையிலேயே போய்விட நூற்றுக்கு எட்டு. நாற்பது பெரியது, எட்டு சிறியது. முதலாண்டு மாணவிகூட விடை எழுதிவிட்டு வெளியே போய்விடுவாள்.

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "ஊருக்குப் போயி முப்பிடாதி அம்மன்கிட்ட பூக் கேட்டுட்டு வாரேன், டாக்டரம்மா. அவ சரின்னா சரி."

மருத்துவர் என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

டாக்ஸியில் கேட்டேன்: "எப்பக் கேக்கப் போற? நாளைக்குச் செவ்வாய்தான்."

"நாளைக்கு எப்படிட்டி முடியும், ஆளு சொல்லி விட வேண்டாமா. அடுத்த செவ்வாய் எனக்குச் சந்திராஷ்டமம். அதுக்கடுத்த செவ்வாய்."

"வெடிக்கப்போற குழாய் பஞ்சாங்கம் பாக்குமா?"

"பாக்கும்" என்றாள்.

20 ஆகஸ்ட்

அக்கா மூன்று முறை தும்மினாள். மூன்று முறையும் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

22 ஆகஸ்ட், வியாழன்

அருட்செல்வி ஃபோன் செய்தாள். என் பழைய மாணவி. இப்போது குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறாள். "மேடம், செப்டம்பர் பத்துக்குள்ள கதை வந்துரும்ல?" என்றாள். பாட்டிமார் வரிசையில் என்னையும் சேர்த்து, பழைய மாயக்கதை ஒன்றை மாயம் இல்லாமல் திருப்பி எழுதித் தரும்படி ஜூன் மாதமே கேட்டிருந்தாள். நான் யாருக்கும் பாட்டியில்லை என்று சொல்லியும் விடவில்லை.

"மந்திரம் கூடாது மேடம். ஆனா நம்பிக்கை இருக்கணும்."

எந்த நம்பிக்கை என்று கேட்டேன். சாமி மேல் வைப்பதா, நாளை விடியும் என்று நினைப்பதா, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதா? தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறோம். "மூணும்தான் மேடம்" என்றாள். புத்திசாலி. இரண்டாம் வகுப்பில் தேறினவள் என்றாலும்.

நான் எடுத்துக்கொண்டது எங்கள் ஊர்ப் பக்கம் சொல்லும் கதை. ஒரு ராஜாவுக்கு இரண்டு பெண்கள். ஊர்க்கிணறு வற்றிப்போகிறது. ஒரு பெண்ணைக் கிணற்றுப் பாம்புக்குக் கட்டிக்கொடுத்தால் நீர் ஊறும் என்கிறான் நிமித்திகன். இளையவளைக் கொடுக்கலாமா என்று அம்மனிடம் பூக் கேட்கிறார்கள். சிவப்பு வந்தால் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கூடாது. கெட்ட அமைச்சன் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துவிடுகிறான். ஆனால் பிரிக்கும்போது அம்மன் பூவை வெள்ளையாக்கிவிடுகிறாள். உடனே மழை கொட்டுகிறது. எல்லோரும் சுகம்.

மாயத்தை நீக்கினால் ஒரே ஒரு கேள்வி மிஞ்சுகிறது: பூவை மாற்றியது யார்? பூசாரி என்று வைத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதினேன். பூசாரிக்கு அந்தப் பெண்ணிடம் என்ன அக்கறை என்பது ஐந்தாம் பக்கத்தில் தெரியாமல் போய், கிழித்துவிட்டேன்.

24 ஆகஸ்ட், சனி

பூசாரிக்குப் பதில் பணிப்பெண்ணை வைத்து எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கனமான எதையும் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, அவள் கையில் இருக்கும் எதையும் நான் எடை போட்டுப் பார்க்கிறேன். கீரைக்கட்டு கால் கிலோ இருக்காது.

கேட்டு முடித்துவிட்டு, "மழ பெஞ்சுதா?" என்றாள்.

"மழை மாயம். அதை எடுத்தாச்சு."

"அப்பம் கெணத்துல தண்ணி?"

"இல்லை."

"தண்ணி இல்லேன்னா ராஜா சும்மா இருப்பானா? எளையவளுக்குத்தான் பூ வேண்டாம்னு சொல்லிட்டு. பாம்புக்கு வேற யாரக் குடுத்தாவ?"

தாளைப் புரட்டினேன்.

"ஒன் கதையில ஒரு அக்காக்காரி உண்டும்லா? அவ எங்க போனா? ரெண்டு பொண்ணுன்னு மொதல்ல சொன்ன, பொறவு அவள ஆளையே காணும்."

"அவளுக்குக் கதையில் வேலை இல்லை" என்றேன்.

"அது சரி" என்று கீரைத்தண்டைக் கிள்ளினாள். அப்போது இருமினாள். சாதாரண இருமல். என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. தாள்களில் ஈரம் படிந்தது.

27 ஆகஸ்ட், செவ்வாய்

எங்கள் வழக்கத்தை எழுதி வைக்கிறேன், அருட்செல்வியும் கேட்டிருக்கிறாள். அரளியில் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. இரண்டும் ஒரே உருவம், ஒரே எடை. தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தனித்தனியே வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்ட வேண்டும். கட்டுவது வீட்டின் கடைக்குட்டிப் பெண். தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோய் அம்மன் காலடியில் வைப்பது மூத்த பெண். என்ன கேட்கிறார்கள் என்று அறியாத ஓர் ஆள் ஒன்றை எடுக்க வேண்டும். கதையில் வருவதற்கு மாறாக, வெள்ளை என்றால் ஆகட்டும். சிவப்பு என்றால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும். அம்மன் சொல்லாத விடையை மனிதர் பார்க்கக்கூடாதாம். தவறு செய்பவர்களுக்கு இதைவிட வசதியான விதியை யாரும் வகுத்திருக்க முடியாது.

"அன்னைக்கு மாதிரியே நீதான் கட்டணும்" என்றாள் அக்கா, இட்லியைப் பிட்டுக்கொண்டே. "கடைக்குட்டி நீதான்."

எழுபத்தெட்டு வயதில் நான் கடைக்குட்டி.

அன்றைக்கு என்பது 1963 மே மாதம். எனக்குப் பதினேழு, அக்காவுக்கு இருபது. கடையத்து அத்தான் மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நின்றார், என்னைக் கேட்டார்கள். அப்பாவும், "ஒரு பொண்ணு உண்டு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதே வாரம் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்து, நான் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருப்பதாகவும் சென்னையில் படிக்கவைக்காவிட்டால் பாவம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு முடிவெடுக்கத் தெரியாது. என்னைச் சென்னைக்கு அனுப்பலாமா என்று பூக் கேட்டார். வெள்ளை வந்தது. நான் சென்னைக்குப் போனேன். வாக்கு வாக்குதானே, ஆவணியில் அக்கா கடையத்துக்குப் போனாள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அத்தான் பிள்ளைகள் இரண்டையும் ஆளாக்கினாள். அவர் போன பிறகு என்னிடம் வந்தாள். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன.

பெண்கள் கல்லூரி விழாக்களில் பேசக் கூப்பிட்டால், "ஓர் அரளிப்பூ என்னைச் சென்னைக்கு அனுப்பியது" என்று தொடங்குவேன். சிரிப்பார்கள். "பூ சிவப்பாக வந்திருந்தால் மேடம்?" என்று யாராவது கேட்பாள். "வராது" என்பேன். மறுபடி சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். நானே ஏதோ செய்திருப்பேன் என்று அவர்களாகப் புரிந்துகொள்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

28 ஆகஸ்ட்

எழுதவில்லை. அக்கா குளிக்கும் நேரமெல்லாம் குளியலறைக்கு வெளியே நின்றேன். "ஏட்டி, நிழலு தெரியுது, போ அங்கிட்டு" என்றாள்.

30 ஆகஸ்ட், வெள்ளி

மருத்துவர் ஃபோன். மதுரையில் ரத்தக்குழாய் நிபுணர் செப்டம்பர் ஆறாம் தேதியை ஒதுக்கி வைத்திருக்கிறார். அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி அக்டோபர் கடைசியில். "அந்தப் பூ விஷயம் என்னாச்சு மேடம்?" என்று தயங்கிக் கேட்டாள். மூன்றாம் தேதி என்றேன். "ப்ளீஸ், நல்லபடியா வரணும்னு வேண்டிக்கறேன்" என்றாள். எம்.எஸ். படித்தவள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். நேர்மையாகக் கட்டினால், சிவப்பு வரப் பாதிக்குப் பாதி. வந்தால் இவள் மதுரைக்கு வரமாட்டாள். சுமந்துகொண்டு போகவும் முடியாது. பிறகு ஒவ்வொரு தும்மலுக்கும் நான் எழுந்து நிற்க வேண்டும், ஒருநாள் எழுந்து பயனில்லாமல் போகும்வரை. இரண்டிலும் வெள்ளையைக் கட்டினால் வருவாள். வந்து, அந்த எட்டில் ஒருத்தியாகிவிட்டால், அனுப்பியது அம்மன் அல்ல, நான்.

ஒரே நிறப் பூவை இரண்டு பொட்டலத்திலும் கட்டுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு வேறு பயம் ஒன்றும் இருக்கிறது. இரண்டு வெள்ளை கட்டி, சிவப்பு வந்துவிட்டால்?

நிகழ்தகவு பூஜ்யம். எழுதியே பார்த்துவிட்டேன். மறுபடியும் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

கதையை மூன்றாம் முறை தொடங்கினேன். இளையவளே தன் பூவை மாற்றிக்கொள்வதாக. வாசகர்களுக்குப் பிடிக்கும், துணிச்சல்காரி. ஏழு பக்கம் தடையில்லாமல் வந்தது. அக்காவுக்குப் படித்தேன்.

"நல்லாருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பொய்யி" என்றாள்.

"கதை என்றாலே பொய்தானே?"

"அது வேற பொய்யி."

அருட்செல்வியிடம் இந்தப் பிரதியை அனுப்பியிருந்தால் இந்நேரம் ஒரு வேலை முடிந்திருக்கும். அனுப்பவில்லை.

3 செப்டம்பர், செவ்வாய்

கார் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் டிரைவரின் தோளைத் தட்டினேன். "அம்மா, இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுரும்" என்றான்.

நான் கோவிலுக்குள் போகவில்லை. 1963க்குப் பிறகு போனதில்லை. என் பகுத்தறிவு ஊரில் பிரசித்தம், யாரும் வற்புறுத்துவதில்லை. வெளிமண்டபத்தில் உட்கார்ந்தேன். அக்கா, அரளி வைத்திருந்த கூடையையும் இலையையும் நாரையும் என்முன் வைத்துவிட்டு, குளத்தில் கால் கழுவப் போனாள். வேண்டுமென்றே மெதுவாகப் போனதுபோல் இருந்தது.

கூடையில் இரு நிறமும் நிறையக் கிடந்தன. முதல் பொட்டலத்தில் வெள்ளை. இரண்டாவது இலையை விரித்தேன். ஒரு சிவப்பை எடுத்து நடுவில் வைத்தேன். அக்கா படியில் கையூன்றி ஏறுவது தெரிந்தது. ஒரு படி ஏறி நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. சிவப்பை எடுத்துக் கூடையில் போட்டேன். வெள்ளையை வைத்தேன். நார் இருமுறை அறுந்தது.

"கட்டியாச்சா?"

"ஆச்சு."

பொட்டலங்களைத் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கருவறைக்கு முன்னால் தூண்கள் மறைக்கும். மண்டபத்திலிருந்து ஒன்றும் தெரியாது. நெடுநேரம் வரவில்லை. கீழே விழும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

வாசலில் பூ விற்கும் மாடத்தியை எடுக்கச் சொன்னார்கள். "விக்கதும் நானு, எடுக்கதும் நானா? நல்ல ஏவாரம்" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டு வெள்ளையை என் கையால் கட்டிவிட்டு, சிவப்பை எதிர்பார்த்து நின்றேன்.

"வெள்ள" என்றாள் மாடத்தி, உள்ளிருந்து.

மற்றப் பொட்டலத்தை அக்காவே ஆற்றில் விட்டாள்.

5 செப்டம்பர்

மதுரை. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ரத்தம், எக்கோ, எக்ஸ்ரே. சம்மதப் படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அக்கா நர்ஸிடம் என்னைக் காட்டி, "இவ ப்ரொபசரு. பூ வந்துதான் படிக்கப் போனா" என்றாள்.

6 செப்டம்பர், வெள்ளி

காலை 7.20. பச்சை அங்கி போட்டு, தாலிக்கொடி இல்லாத கழுத்திலிருந்து ஸ்படிக மாலையையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். தள்ளுவண்டியில் படுத்திருந்தாள். பல்செட் இல்லாத முகம் சிறியதாக இருந்தது. என்னைக் குனியச் சொன்னாள்.

"மொகத்த ஏன் இப்படி வச்சிருக்க? ரெண்டும் வெள்ளதான்னு பிரிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள வச்சேன்."

ஸ்படிக மாலையை விரலில் சுற்றினேன்.

"இந்தத் தடவ எனக்கு வேல வைக்கல நீ" என்றாள்.

தள்ளுபவன் வந்துவிட்டான். அவனை ஒரு நிமிடம் நிற்கச் சொன்னேன். "பிரிச்சுப் பாக்கிறவ எதுக்கு அம்மன்கிட்டக் கேட்கணும்?" என்றேன்.

"கேக்காம எப்படிட்டி? நான் பிரிச்சுப் பாத்தா, அவ பாக்கலன்னு ஆயிருமா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவகிட்டக் கேட்டது ஒண்ணு. நான் இருக்கணும்னு நீ நெனைக்கியான்னு பாக்க வேண்டியிருந்தது. அத ஒங்கிட்ட வாயத் தொறந்து கேக்க முடியுமா? பொட்டலத்துல பாத்துக்கிட்டேன்."

"போலாமாம்மா?" என்றான் அவன்.

"போ" என்றாள் அக்கா.

காலை 9.00. இருபத்திரண்டு பேர் காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகள் பதினெட்டு. கதையை எடுத்து வைத்துக்கொண்டேன். கையை எதிலாவது வைக்க வேண்டும்.

11.40. கதவு திறக்கும்போதெல்லாம் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வடிவு என்று கூப்பிட்டுவிடக் கூடாதே என்றும், கூப்பிட வேண்டுமே என்றும்.

1.15. கதை முடிந்தது. அமைச்சனை எடுத்துவிட்டேன், அவன் தேவைப்படவில்லை. மூத்தவள் பூவை மாற்றுகிறாள். மழை இல்லை. மறுநாள் காலை அவளே கிணற்றடிக்கு நடந்து போகிறாள். அங்கே பாம்பு இல்லை, தூர்ந்த கிணறும் செய்ய வேண்டிய வேலையும் மட்டும் இருக்கின்றன. இறங்கித் தூர் வாருகிறாள். அம்மன் சொன்னதைச் செய்வதாகவே அவள் கடைசிவரை நினைக்கிறாள். பொய் சொன்னது அவளுக்கு அதற்குத் தடையாக இல்லை. அருட்செல்வி கேட்ட மூன்று நம்பிக்கையும் இதில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். இளையவளைப் பற்றி ஒரு வரி மட்டும் மீதம் இருக்கிறது.

2.50. பெயரைக் கூப்பிட்டார்கள். தாள்களைப் பக்கத்திலிருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். நிபுணர் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுப் பேசினார். குழாயை மாற்றியாயிற்று. ரத்தம் இரண்டு யூனிட் ஏற்றினார்கள். சிறுநீரகம் இதுவரை ஒழுங்காக இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் சொல்ல முடியாது. ஆனால் நன்றாகத்தான் இருக்கிறாள். "உங்க அக்கா ரொம்ப ஸ்ட்ராங், மேடம்" என்றார். எனக்குத் தெரியாத தகவல் போல.

5.30. கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். வாயில் குழாய் இருக்கிறது, நாளை எடுப்பார்களாம். விரலை அசைத்தாள். என்னைப் பார்த்துத்தான்.

இளையவளைப் பற்றிய வரியை எழுத வேண்டும். அதற்குமுன் இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். அக்கா பேச ஆரம்பித்தால் எனக்குத் துணிவு வராது.

அறுபத்தொரு ஆண்டுகளாக நான் அந்தக் கோவிலுக்குள் போகாததற்குப் பெயர் பகுத்தறிவு அல்ல. நடக்கவே முடியாத ஒன்று என் கண்ணெதிரில் நடந்தது. பூசாரியின் மகள் பொட்டலத்தைப் பிரித்துப் பூவைத் தூக்கிக் காட்டியபோது நான் பின்வாங்கித் தூணில் இடித்துக்கொண்டேன். ஆனந்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதன் பிறகு நிகழ்தகவு படித்தேன், கற்பித்தேன், அந்த ஒரு நிகழ்வுக்கு மட்டும் விடை கண்டுபிடிக்கவில்லை. தட்டைச் சுமந்துகொண்டு போனவளைக் கணக்கில் சேர்க்கத் துணியவில்லை. சேர்த்திருந்தால் அவள் கடையத்துக்குப் போனதற்கும் பொருள் மாறிவிடும். அம்மனுக்குப் பயப்படுவது அதைவிட எளிதாக இருந்தது. துணிச்சல்காரி என்று எல்லாக் கல்லூரியிலும் கைதட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

சென்னை என்றால் எனக்குக் குலை நடுக்கம். விடுதி, ஆங்கிலம், முன்பின் தெரியாத பெண்கள். பெண்டாட்டியை இழந்தவரின் வீடும் அழும் இரண்டு பிள்ளைகளும் அதைவிடத் தெரிந்த இடமாகத் தோன்றின. 1963 மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை நான் கட்டிய இரண்டு பொட்டலத்திலும் இருந்தது செவ்வரளி.